மலையகத்தில் இருந்தபடி வெளிநாட்டு வாழ்வியல் இணையத்தளங்களுக்கு எழுதிச் சம்பாதிக்க முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் வசிக்கிறீர்கள், ஆங்கிலத்தில் பட்டம் பெற்று, இப்போது மாலையில் டியூஷன் வகுப்புகள் எடுக்கிறீர்கள், தேநீர், நடைபயணம், சமையல், வீட்டுத்தோட்டம் என ஏதேனும் ஒரு துறையை மட்டும் பேசும் வெளிநாட்டு இணையத்தளங்களுக்கு வீட்டிலிருந்தே எழுதிப் பணம் பெற முடியுமா, முடியுமானால் எங்கிருந்து தொடங்குவது, வரும் பணத்துக்கு வரி உண்டா?

முடியும். பண்டாரவளையிலிருந்து இத்தகைய தளங்களுக்குப் பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன். இடையில் சில காலம் அப்படியொரு தளத்துக்கு எழுத்தாளர்கள் அனுப்பும் கட்டுரை முன்மொழிவுகளை வாசித்துத் தெரிவுசெய்யும் பொறுப்பிலும் இருந்தேன். அந்த அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன். "ஆங்கிலம் நன்றாக எழுதுவேன், எதைப் பற்றிக் கேட்டாலும் எழுதித் தருவேன்" என்று விண்ணப்பிப்பவருக்கு இன்று கிடைக்கக்கூடிய வேலை மிகக் குறைவு. தாம் நேரில் அறிந்த ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்லி, அது அந்தத் தளத்தின் வாசகருக்கு ஏன் தேவை என்பதையும் விளக்குபவருக்கே பதில் வருகிறது.

இதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை கூகுள் தேடலில் வரும் வாசகரை நம்பியே நூற்றுக்கணக்கான சிறு தளங்கள் நடந்தன. "எல்லவில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்" போன்ற கட்டுரைகளை அவை மொத்தமாக வாங்கின. அங்கே போய்ப் பார்க்காதவரே பெரும்பாலும் அவற்றை எழுதினர். 2022 டிசம்பரில் கூகுள் தனது தர மதிப்பீட்டு வழிகாட்டியில் எழுதுபவரின் நேரடி அனுபவத்தையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. 2023 செப்டெம்பரில் வந்த தேடல் மாற்றத்தால் இவ்வகைத் தளங்கள் பலவற்றின் வாசகர் வரவு சரிந்தது. 2024 மார்ச்சில், தேடலில் இடம்பிடிப்பதற்காகவே பெருமளவில் உருவாக்கப்படும் உள்ளடக்கத்துக்கு எதிரான விதிகளும் வந்தன. அதே காலத்தில் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அந்தப் பத்து இடக் கட்டுரையைச் சில நொடிகளில், செலவின்றி, எழுதத் தொடங்கிவிட்டன. ஆகவே அந்தச் சந்தை ஏறக்குறைய முடிந்துவிட்டது என்றே கொள்ளுங்கள். அதற்குள் நுழையும் வழிகளைக் கற்பிப்பதாகச் சொல்லி இன்றும் கட்டணம் வாங்கும் பயிற்சி வகுப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள். இன்றும் எழுத்துக்குப் பணம் தரும் தளங்கள், செயலியிடமோ கொழும்பிலோ இலண்டனிலோ அமர்ந்திருப்பவரிடமோ கிடைக்காத ஒன்றைத் தேடுகின்றன. உங்கள் தோட்டத்தில் அது நிறையவே இருக்கிறது.

எடுத்துக்காட்டாகத் தேநீரையே எடுத்துக்கொள்வோம். இலங்கைத் தேயிலையைப் பற்றி எழுத விரும்பும் புதியவர் பத்தில் ஒன்பது பேர், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டதில் தொடங்கி, கோப்பியை அழித்த இலைநோயைச் சொல்லி, லிப்டனில் வந்து முடிப்பார்கள். தேநீருக்கென்றே நடக்கும் ஒரு தளத்தின் ஆசிரியர் இந்தக் கதையைப் பலமுறை வாசித்தவர். அவருடைய வாசகரும் அப்படித்தான். ஆனால் ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை மட்டும் ஏன் தனி மணம் வருகிறது என்பது வேறு விஷயம். அந்த மாதங்களில் மலையைக் கடந்து வரும் உலர்ந்த கச்சான் காற்று செடியை வாட்டுகிறது. கொழுந்தின் வளர்ச்சி மெதுவாகி மணப்பொருட்கள் செறிகின்றன. அவற்றுள் மெத்தில் சலிசிலேற்று என்னும் சேர்மமே அந்தக் குளிர்ந்த, மருந்தெண்ணெய் போன்ற வாசனைக்கு முக்கிய காரணம். இவ்வளவும் நூலில் உள்ள செய்திதான். அந்தக் காற்று வீசும் வாரங்களில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு நாளொன்றுக்கு எத்தனை கிலோ குறைகிறது, விலை உயரும் பருவமும் கொழுந்து குறையும் பருவமும் ஒன்றாகவே வருவதால் மடுவத்தில் நிறுக்கும்போது என்ன பேச்சு நடக்கிறது, ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை வாட்டும் நேரத்தை எப்படி மாற்றுகிறார்கள் என்பவற்றை நூலிலிருந்து எடுக்க முடியாது. கேட்டு எழுதக்கூடியவர் அங்கேயே இருப்பவர்தான். அறிவியல் ஒரு பங்கும் நேரில் கேட்டறிந்தது இரண்டு பங்குமாக அமைந்த அத்தகைய முன்மொழிவை, தேநீரை ஆர்வத்தோடு வாங்கும் வாசகரைக் கொண்ட எந்தத் தளமும் எளிதில் தள்ளிவிடாது.

உங்கள் பக்கம் ஊவா அன்று, திம்புள்ள தேயிலைப் பிரதேசம் என்பது எனக்குத் தெரியும். அங்கே தரமான பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. காற்றும் வேறு, சுவையும் வேறு. இந்த வேறுபாட்டையே ஒரு கட்டுரையாக்கலாம்.

நடைபயணத்திலும் இதே நிலைதான். ஹந்தானையில் தொடங்கி லூல்கந்துர, நோர்வூட், பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல வழியாகச் சுற்றி நுவரெலியாவில் முடியும் பீக்கோ டிரெயில் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. 22 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதை நடந்து முடித்த வெளிநாட்டவர் நிறையவே எழுதிவிட்டனர். ஆனால் அந்தப் பாதையில் பெரும்பகுதி தோட்டத்து மக்கள் தலைமுறைகளாக நடந்த வழி. பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும், கொழுந்து மூட்டை இறங்குவதும், நோயாளியை லொறி வரும் இடத்துக்குத் தூக்கி வருவதும் அதே வழியில்தான். எந்தப் பகுதியில் மழைக்காலத்தில் அட்டை அதிகம், எங்கே கடை உண்டு, எந்த லயனை (தொழிலாளர் வரிசை வீடுகளை) கடக்கும்போது யாரிடம் கேட்டுவிட்டு நடப்பது மரியாதை என்பதெல்லாம் நடைபயணத் தளத்தின் வாசகருக்கு நேரடியாகப் பயன்படும். சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர்ப் பௌர்ணமி முதல் வெசாக் வரை. அது முடிந்தபின் மலையடிவாரமான நல்லதண்ணியில் கடை வைத்திருந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எழுதியவரை நான் அதிகம் கண்டதில்லை. மாசி பங்குனியில் காமன் கூத்து நடக்கும் தோட்டங்கள், லயன் பின்புறத்து மரக்கறிப் பாத்திகள், கோதுமை ரொட்டிக்கு அரைக்கும் கட்டைச் சம்பல், கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து விறகு சேர்க்கும் முறை என்று நீங்களே இன்னும் பலவற்றைச் சேர்ப்பீர்கள்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சில ஆசிரியர்கள் பச்சை மலை, வண்ணச் சேலை, சிரித்த முகம் என்ற படத்தையே உங்களிடமும் எதிர்பார்ப்பார்கள். வேறு சிலர் துயரத்தை மட்டுமே எதிர்பார்ப்பார்கள். இரண்டுக்கும் இணங்காமல் எழுதலாம். நல்ல ஆசிரியர் அதை மதிப்பார், மதிக்காதவரிடம் இரண்டாம் கட்டுரை எழுதாமல் இருந்துவிடலாம். தோட்டங்கள் கம்பெனிகளின் நிருவாகத்தில் இருப்பதால் தொழிற்சாலைக்குள்ளோ வேலை நடக்கும் மலையிலோ படம் எடுக்க நிருவாகத்தின் அனுமதி தேவை. படத்தில் இருப்பவரிடமும், அது வெளிநாட்டில் வெளிவரும் என்பதைச் சொல்லி, சம்மதம் கேட்க வேண்டும். உங்கள் வீட்டார் அங்கே வேலை செய்கிறார்கள் என்றால் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை. நீங்கள் எழுதிய ஒரு வரிக்கு அவர்கள் பிரட்டுக்களத்தில் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில்) பதில் சொல்லும் நிலை வரக்கூடாது.

இனித் தளங்களைக் கண்டுபிடிப்பது. பணம் தரும் இடங்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பார்க்கிறேன். முதல் வகை, அட்லஸ் ஒப்ஸ்கியூரா போல இடங்களையும் உணவையும் பற்றிச் செய்தி நடையில் எழுதும் இதழ்த் தளங்கள். இவற்றில் பெயரும் மதிப்பும் கிடைக்கும், போட்டியும் கடுமை. இரண்டாம் வகை, சந்தாதாரரின் பணத்தில் நடக்கும் சிறு உணவு, பயண, தோட்டக்கலை மின்னஞ்சல் மடல்கள். ஆசிரியர் ஒருவர் அல்லது இருவர் மட்டுமே இருப்பதால் மின்னஞ்சலை அவர்களே வாசிக்கிறார்கள். மூன்றாம் வகையைப் புதியவர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. என் கருத்தில் தொடங்குவதற்கு அதுவே சிறந்தது. தேயிலை விற்கும் வெளிநாட்டுக் கடைகள், நடைபயண உபகரண விற்பனையாளர், சிறு குழுப் பயணங்களை நடத்தும் நிறுவனங்கள் ஆகியோர் தம் தளத்தில் வாசகரை வைத்திருக்கத் தொடர்ந்து கட்டுரை வெளியிடுகிறார்கள். விளம்பரச் செலவில் சேரும் பணம் என்பதால் நேரத்துக்குத் தருகிறார்கள். ஒன்று பிடித்துவிட்டால் மாதம் ஒன்று என்று தொடர்ந்தும் கேட்கிறார்கள். உங்கள் பெயர் சில வேளை வராது. அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

ஒரு தளம் உண்மையில் பணம் தருகிறதா என்பதை அறிய, அதன் எழுத்தாளர் வழிகாட்டிப் பக்கத்தை முதலில் வாசியுங்கள். அங்கே தொகை குறிப்பிடப்பட்டிருந்தால் நல்லது. "உங்கள் எழுத்துக்குப் பரவலான வெளிச்சம் கிடைக்கும்" என்று மட்டும் இருந்தால் பணம் இல்லை என்று பொருள். எந்த இதழ் எவ்வளவு தந்தது என்று எழுத்தாளர்களே பெயரின்றிப் பதிவு செய்யும் ஹூ பேஸ் ரைட்டர்ஸ் என்ற தளமும் உதவும். பழைய பதிவுகளும் இருப்பதால் திகதியைப் பாருங்கள். கடைசி மூன்று மாதங்களில் வெளிவந்த கட்டுரைகளை எழுதியவர்கள் வெளியாட்களா, தளத்தின் ஊழியர்களா என்பதையும் கவனியுங்கள். எல்லாம் ஊழியர் எழுதியதாக இருந்தால், வழிகாட்டிப் பக்கம் என்ன சொன்னாலும் அங்கே இடமில்லை. அப்வேர்க், ஃபைவர் போன்ற சந்தைத் தளங்களைப் பொறுத்தவரை, ஒரு கட்டுரைக்கு யார் குறைந்த விலை சொல்வது என்ற போட்டியாகவே அவை பெரும்பாலும் முடிகின்றன. ஃபைவர் உங்கள் வருமானத்தில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. மிகச் சிறந்த மாதிரிகள் கையில் இருந்தாலன்றி அங்கே உங்கள் நேரத்தைச் செலவிட நான் சொல்லமாட்டேன்.

முன்மொழிவு எழுதுவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆசிரியருக்கு வரும் மின்னஞ்சலில் அவர் தேடுவது மூன்று விடைகள்: இது என்ன கதை, என் வாசகருக்கு இப்போது ஏன் தேவை, இதை எழுத ஏன் நீங்கள். மின்னஞ்சலின் தலைப்பு வரியிலேயே கதையைச் சொல்லிவிடுங்கள். "இலங்கையிலிருந்து ஒரு கட்டுரை வாய்ப்புக் கோரி" என்பது தலைப்பாகாது. முதல் பத்தியைக் கட்டுரையின் முதல் பத்தியைப் போலவே, குறிப்பான ஒரு செய்தியோடு எழுதுங்கள். கச்சான் காற்றுக் கதையானால் அந்தக் காற்றிலிருந்தும் குறைந்துபோன கொழுந்திலிருந்தும் தொடங்குங்கள். இரண்டாம் பத்தியில் யாரிடம் பேசப்போகிறீர்கள், எத்தனை சொற்கள், எப்போது தர முடியும், படம் உண்டா என்பன வரட்டும். மூன்றாம் பத்தியில் நீங்கள் யார் என்பதை இரண்டே வரியில் சொல்லுங்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதும், கேட்கவேண்டியவர்களிடம் தமிழிலேயே நேரடியாகக் கேட்க முடியும் என்பதும் அந்த இரண்டு வரிக்குள் இருந்தால் போதும். பட்டம், சான்றிதழ், கணினி அறிவு எவையும் வேண்டாம். மொத்தம் 250 சொற்களைத் தாண்டவேண்டாம். பணிவுக்காக நாம் வழக்கமாகச் சேர்க்கும் "தங்கள் பொன்னான நேரத்தை வீணடிப்பதற்கு மன்னிக்கவும்" வகை வாசகங்களை ஆங்கில மின்னஞ்சலில் அறவே விட்டுவிடுங்கள். அவை அங்கே பணிவாக அன்றித் தயக்கமாகவே வாசிக்கப்படும்.

பருவத்தையும் கணக்கில் எடுங்கள். இணையத்தளங்களும் பல வாரங்களுக்கு, சில வேளை மாதங்களுக்கு முன்பே திட்டமிடுகின்றன. ஊவாப் பருவக் கதையை ஏப்ரலிலும், சிவனொளிபாதமலையை செப்டெம்பரிலும், நுவரெலியா ஏப்ரல் வசந்தத்தை ஜனவரியிலும் அனுப்புவது பொருத்தம். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒருமுறை சுருக்கமாக நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த தளத்துக்கு அனுப்புங்கள். பதில் இல்லாமை இந்தத் தொழிலில் வழக்கம். அதை உங்கள் எழுத்தின் மீதான தீர்ப்பாக எடுக்கவேண்டியதில்லை.

இதுவரை எங்கும் வெளிவராதவரிடம் ஆசிரியர் மாதிரி கேட்டால் என்ன செய்வது என்று நினைக்கலாம். இரண்டு அல்லது மூன்று கட்டுரைகளை நீங்களே எழுதி, இலவசமாகக் கிடைக்கும் ஏதேனுமொரு எழுத்துத் தளத்தில் உங்கள் பெயரில் வெளியிட்டு, அந்த இணைப்பைக் கொடுங்கள். அவை பொதுவான தலைப்புகளாக இல்லாமல், நீங்கள் நுழைய விரும்பும் துறையிலேயே இருக்கட்டும். இங்குள்ள ஆங்கில வார இதழ்களின் இணைப்பிதழ்களிலும் எழுதலாம்; தொகை சிறிது, ஆனால் ஓர் ஆசிரியர் திருத்தி வெளியிட்ட கட்டுரை என்ற தகுதி அதற்கு உண்டு. செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கொண்டு எழுதி அனுப்புவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பல தளங்கள் ஒப்பந்தத்திலேயே அதைத் தடை செய்கின்றன; அதைவிட, உங்களிடம் விற்பதற்கு இருக்கும் ஒரே சரக்கான நேரடி அனுபவம் அதில் இருக்காது. எழுத்துப் பிழை பார்க்கப் பயன்படுத்துவது வேறு.

விலை பேசும்போது சொல்லுக்கு எவ்வளவு என்பதை மட்டும் பார்க்கவேண்டாம். சொல்லுக்கு 10 சதம் தரும் தளத்துக்கு ஆயிரம் சொல் எழுதினால் 100 டொலர். 2 சதம் தருபவருக்கு அதே கட்டுரை 20 டொலர். ஆனால் முதலாமவர் மூன்று முறை திருத்தக் கேட்டு, இரண்டு நாள் பொகவந்தலாவைக்கு அலைய வைத்தால், மணிக்கணக்கில் இரண்டும் நெருங்கிவிடலாம். ஒப்புக்கொள்ளுமுன் எழுத்திலேயே கேட்கவேண்டியவை சில உண்டு. பணம் கட்டுரையை ஏற்றவுடனா, வெளிவந்த பின்னா? வெளிவந்த பின் என்றால், ஆசிரியர் மாறி, கட்டுரை ஒரு வருடம் கிடப்பில் கிடந்தாலும் உங்களுக்கு எதுவும் வராது. ஏற்றபின் கைவிட்டால் ஒரு பகுதித் தொகை தருவார்களா? பயணச் செலவு யாருடையது? உரிமை முழுவதும் அவர்களுக்கா, முதல் வெளியீட்டு உரிமை மட்டுமா? முழு உரிமையையும் கொடுத்தால் பிறகு அதே கட்டுரையைத் தமிழில் எழுதி வெளியிடக்கூட அனுமதி கேட்க நேரிடும். அதனால் தமிழ் மொழிபெயர்ப்பு உரிமையை மட்டுமாவது உங்களிடம் வைத்துக்கொள்ளும்படி கேளுங்கள். இதற்கு மறுப்பவர் குறைவு.

விடுதியோ ஹோம்ஸ்டேயோ இலவசமாகத் தங்க வைத்து எழுதச் சொன்னால், அதை ஆசிரியருக்கு முதலிலேயே தெரிவியுங்கள். பல தளங்கள் அதை ஏற்பதில்லை. ஏற்பவை கட்டுரையிலேயே அதைக் குறிப்பிடும். "முதலில் ஐந்து கட்டுரை இலவசமாக எழுதுங்கள், தகுதியானால் சேர்ப்போம்" என்பவர், பதிவுக் கட்டணம் கேட்பவர், டெலிகிராமில் மட்டும் பேசுபவர் ஆகியோருக்குப் பதிலே எழுதவேண்டாம். ஒரு குறுகிய சோதனைக் கட்டுரைக்குப் பணம் தந்து கேட்பது மட்டும் முறையானது.

பணம் உங்கள் கைக்கு வரும் வழியை முதல் கட்டுரைக்கு முன்பே ஒழுங்கு செய்யுங்கள். பேபால் மூலம் இலங்கையர் நீண்ட காலமாகப் பணம் செலுத்த முடிந்ததே தவிரப் பெற முடிந்ததில்லை. எனவே பேபாலில் மட்டுமே தருவதாகச் சொல்லும் தளத்திடம் எழுதத் தொடங்குமுன்பே மாற்று வழி கேளுங்கள். பேயோனியர் என்ற இணையவழிப் பணப்பரிமாற்றச் சேவை இங்கே பயன்படுகிறது. பல தளங்கள் நேரடியாக வங்கிக்கும் அனுப்புகின்றன. அதற்கு வங்கியின் சுவிஃப்ட் குறியீடு, கிளை முகவரி, தேசிய அடையாள அட்டையில் உள்ளபடியே உங்கள் பெயர் ஆகியவை தேவை. இடையிலுள்ள வங்கிகள் ஒவ்வொரு பரிமாற்றத்திலும் கட்டணம் எடுப்பதால், 40 டொலர்க் கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் பெறாமல் இரண்டு மூன்றைச் சேர்த்து ஒரே கட்டணக் கோரிக்கையில் (இன்வொய்ஸ்) கேட்பது இலாபம். ஹட்டனிலுள்ள வங்கிக் கிளையிலேயே தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கைப் பற்றி விசாரியுங்கள். டொலரை டொலராகவே வைத்திருக்க அது உதவும். அமெரிக்க நிறுவனங்கள் டபிள்யூ-8பென் என்ற படிவத்தைக் கேட்கும். நீங்கள் அமெரிக்கர் அல்லர் என்பதை உறுதிப்படுத்துவதற்கே அது; பயப்பட எதுவுமில்லை.

வரியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வெளிநாட்டவருக்குச் செய்த சேவைக்காக வங்கி வழியே வரும் வெளிநாட்டு நாணய வருமானம் முன்பு விலக்குப் பெற்றிருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அதற்கும் வரி உண்டு, ஆனால் உச்ச வீதம் 15 சதவீதம். அதே திகதியிலிருந்து தனிநபருக்கான ஆண்டு நிவாரணம் 18 இலட்சம் ரூபாய் என்பதால், டியூஷன் வருமானத்தையும் சேர்த்து அந்த எல்லையைத் தாண்டாதவரை செலுத்த வேண்டியது இராது. வரி அடையாள எண் எடுத்திராவிட்டால் எடுத்துவிடுங்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரையான ஒவ்வோர் ஆண்டுக்கும் வந்த தொகை, வந்த நாள், அன்றைய நாணய மாற்று வீதம், கட்டுரையின் பெயர் ஆகியவற்றை ஒரு கொப்பியில் வரிசையாக எழுதி, வங்கி ரசீதுகளை அதனோடு சேர்த்து வையுங்கள். வருமான வரி விபரத்திரட்டுச் சமர்ப்பிக்க வேண்டிய நவம்பர் 30 நெருங்கும்போது அந்தக் கொப்பி ஒன்றே போதும்.